கோழிக்கடை அக்காவின் சடை

கோழிக்கடை அக்காவின் கைவழியே ஒரு நாளைக்கு ஐம்பது கோழியாவது போகும். இரண்டு ரெக்கையையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்துவிட்டால், எப்பேர்ப்பட்ட சேவலும் துள்ளாது. அப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போனால் அடி வாங்குவாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வாங்கினாள், பதினாறு வருஷமாக. வேன் ஓட்டுகிற அவள் புருஷன் முதலில் அவளுடைய நீளச் சடையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வான். அப்புறம்தான் அறை, உதை எல்லாம். படுபாவி!

போன வாரம் குறுக்கே பாய்ந்த மகளுக்கு ஒரு குத்து விழுந்து முன்பல் போய்விட்டது. பதினாலு வயசு. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "அடுத்த தடவையும் குறுக்க வருவேம்மா" என்றாள். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, கறி வாங்க வந்த யாரோ தராசுப் பக்கத்தில் ஒரு புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார்கள். 'ஒருத்தனும் வரமாட்டான்' என்று தலைப்பு. வாழ்க்கையில் முன்னேற வழி சொல்கிற புத்தகமாம். தடவிக் கொடுக்கிற ஜாதி இல்லை, பக்கத்துக்குப் பக்கம் திட்டு. கடை ஈயோட்டும் மதிய வேளையில் படித்தாள். பாதியில் ஒரு வரி: 'உன்னை அடிக்கிறவனுக்குக் கைப்பிடி கொடுத்திருப்பது நீதான்.'

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இதை எழுதினவன் ஒரு அறை வாங்கியிருப்பானா? அடி வாங்குறவ மேலயே பழி போடுறியே, நீ நல்லா இருப்பியா?"

வெட்டுக்கட்டையில் புத்தகத்தை வைத்துப் போட்டாள் ஒரு போடு. கத்தி பாதி வரை இறங்கி நின்றது. அதைப் பிடுங்கக் குனிந்தபோது தோள்வழியே சரிந்து சடை கட்டைமேல் விழுந்தது. அக்கா அதையே பார்த்தாள். கொடுத்தது அவள் இல்லை, அது நிச்சயம். ஆனால் அவன் பிடிக்கிற இடம் இதுதான். சடையை நீட்டி வைத்து இன்னொரு போடு போட்டாள்.

சாயங்காலம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு புருஷனுக்குப் பரிமாறினாள். சோறு ஆறிப்போச்சு என்பது அன்றைய காரணம். தட்டு சுவருக்குப் பறந்தது. மகள் எழுந்தாள்.

"நீ உட்காருடி" என்றாள் அக்கா.

பழகின கை பிடரிக்குப் பின்னால் பாய்ந்தது. துண்டுதான் கையோடு வந்தது. வீசின வேகத்தில் அவன் முன்னால் தடுமாற, அக்கா ஒரு கையை முறுக்கி, மற்றதையும் இழுத்து, முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்தாள். முகத்தைச் சுவரில் மோதினாள். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். தோள் மளுக்கென்றது. அவன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.

"கோழிகூட இவ்வளவு கத்தாதுய்யா. கதவைத் திறடி!"

வாசலுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சட்டையிலிருந்து கிழிந்த துணி கைக்குள் இருந்தது, விரல் திறக்கவில்லை. மகள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

மகளின் பொக்கை வாயைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.

"ஒருத்தனும் வரமாட்டான்னு எழுதி வச்சிருக்கான்டி, மடையன். நீ வந்தியே!"