மஞ்சள் புள்ளி வைத்த சேலை

இன்றைக்கும் யாராவது ஒரு சேலையை விரித்து, விரலால் நிமிண்டிப் பார்த்து, எங்கே எடுத்தது என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரும்பாலும் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் எழுந்து போய்விடுவேன். என் மருமகள்கள் இதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் இராமேஸ்வரத்தில் கடலை ஒட்டிக் குடியிருந்தோம். வடக்கிலிருந்து யாத்திரை வருகிறவர்கள் அக்கினி தீர்த்தத்தில் முழுகி எழுந்ததும் உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். செய்த பாவமெல்லாம் அதோடு போய்விடுமாம். எங்கே போகும்? எங்கள் அய்யாவின் வலைக்குத்தான் வரும். மீன் வர வேண்டிய வலையில் ஈரச் சேலை சுருண்டு வந்தால் அவர் பேசுகிற பேச்சை எழுத முடியாது. கடலில் விட்ட துணி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

தாண்டக் கூடாதே தவிர, பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்தக் கரையில் நான் படித்தது அதிகம். வெள்ளை நூல் சேலையில் அகலமாகச் சிவப்புக் கரை ஓடினால் கட்டியிருந்தவள் வங்காளத்துக்காரி. உடல் நூலாகவும் முந்தானை மட்டும் சிவப்புப் பட்டாகவும் ஒன்பது கெஜத்துக்கு நீண்டு கிடந்தால் மராட்டிப் பக்கம். ஒரிசாச் சேலையில் பூவும் மீனும் விளிம்பு கலங்கித் தெரியும். உப்புத் தண்ணீரில் சாயம் ஊறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நூலையே கட்டிச் சாயம் ஏற்றி நெய்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

எனக்குப் பிடித்தது குஜராத்துக்காரிகளின் சேலை. அவர்களைச் சேட்டம்மா என்போம். துணியைச் சின்னச் சின்னதாக நூலால் முடிந்து சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் அந்த இடமெல்லாம் புள்ளி. மதுரைச் சுங்குடியும் அதே வேலைதான். அம்மாவின் கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன், எங்கள் மாமா, எடுத்துக் கொடுத்த பச்சைச் சுங்குடி ஒன்று வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஆனால் அதில் வெள்ளைப் புள்ளி மட்டும்தான் உண்டு. சேட்டம்மா சேலையில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் கூடி யானையாகவும் ஆடுகிற பெண்ணாகவும் நிற்கும்.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஒரு சேட்டம்மா அப்படிப்பட்ட சிவப்புச் சேலையை அலையில் விட்டாள். புதுக்கருக்கு அழியாத சேலை. இடுப்பளவுத் தண்ணீர் வரை ஓடினேன், அலை இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து யானைச் சேலை போய்விட்டதென்று அம்மாவிடம் அழுதேன். எந்தப் பக்கம் போனது என்று மட்டும் கேட்டாள். தெற்கே என்றேன். அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அக்கா அப்போதுதான் வயதுக்கு வந்து ஓலைக் குச்சுக்குள் உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் நாள் சடங்கு. தாய்மாமன் கொண்டுவரும் சேலையை உடுத்தித்தான் பெண்ணை வெளியே அழைப்பார்கள். மாமாவுக்குச் சிக்கல் என்ற ஊரில் மழையை நம்பிய நிலம்; அந்த வருஷமும் மழை இல்லை. அய்யாவின் தங்கையான எங்கள் அத்தை தினமும் வந்து, பிறந்த வீட்டுச் சீர் என்ன லட்சணத்தில் வருகிறதென்று பார்க்கத்தானே போகிறோம் என்று அம்மாவின் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த வாரம் என் கோபமெல்லாம் தண்ணீர் மேல். எங்கள் பக்கம் நல்ல தண்ணீரை மணல் ஊற்றில் சிரட்டையால் கோரித்தான் எடுக்க வேண்டும். இரண்டு குடம் போதுமாயிருந்த வீட்டுக்கு நாலைந்து நாளாக ஆறு குடம், ஏழு குடம் என்று அம்மா என்னை விரட்டினாள். எதற்கு என்றால் அடுத்த காலிக் குடத்தை நீட்டுவாள். அவள் கைகளோ மணிக்கட்டு வரை சிவந்திருந்தன. எனக்கு இடுப்பொடிய வேலை, உனக்கு மருதாணியா என்று கத்தினேன். ஆமாம் என்றாள். நடுவில் ஒரு நாள் மாமா வந்தார். போகும்போது அம்மா ஒரு கருவாட்டு மூட்டையைக் கட்டிக் கொடுத்தாள்.

சடங்கன்று மாமா தட்டோடு வந்தார். பழம், தேங்காய், மஞ்சள், மேலே சேலை. அத்தை அதை எடுத்து உதறி, விரலால் நிமிண்டி, எங்கே எடுத்தது என்று கேட்டாள். மதுரைச் சுங்குடி என்றார் மாமா. லேசாகக் கருவாட்டு வாடை வந்தது.

என் யானை. என் மஞ்சள் புள்ளி. நான் தொலைத்து அழுத சேலையை, அன்றைக்கு வந்தபோது கரையில் பொறுக்கி, எங்களுக்கே சீர் என்று கொண்டுவந்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"சுங்குடியில மஞ்சப் புள்ளி வராது. இது தீர்த்தத்துல சேட்டம்மா விட்ட சேலை. நான் பாத்தேன்."

அத்தை சேலையைக் கீழே போட்டாள். "எவளோ கழிச்சுவிட்ட பாவத்தையா எம் மருமகளுக்குக் கட்டிவிடக் கொண்டாந்தீக?"

மாமா அம்மாவை ஒரே ஒரு தரம் பார்த்தார். அம்மாவின் வாய் திறந்தது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நாந்தான் கரையில எடுத்தேன். தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது."

அய்யா அந்தச் சேலையை ஒரு கம்பால் தூக்கிப் போய்க் கடலில் எறிந்தார். மாமா கை நனைக்காமல் ரயிலடிக்கு நடந்தார். திருட்டு மாமா என்று நான் தெரு முனை வரை கத்திக்கொண்டே போனேன். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அக்காவுக்கு அம்மாவின் பழைய பச்சைச் சுங்குடியைக் கட்டி வெளியே அழைத்தார்கள். அதுவும் அதே மாமா எடுத்த சேலைதான் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தெற்கே போய்த் தேடி எடுத்தவள் அம்மா. நான் சுமந்த தண்ணீரில் உப்புப் போக அலசி, கருவாட்டுக்குள் மறைத்து, அண்ணன் தலைகுனியக் கூடாதென்று அவர் கையில் கொடுத்தவளும் அவள்தான். அம்மா மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அவர் தெரு முனை தாண்டுவதற்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா மேலும் கோபம்தான். என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். அந்த அத்தை செத்தும் அவள் மேல் எனக்கு ஆறவில்லை. என் மேல் உள்ள கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்கு அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கெட்டிக்காரி என்று சொல்லி அதிரசம் கொடுத்தாள். தின்றேன். அம்மா பந்தி பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலையில் சோறு வைத்தபோது அவள் முகத்தைக் காட்டவில்லை. கையை மட்டும் பார்த்தேன். நகக்கண்ணில் சிவப்பு அப்படியே இருந்தது. இத்தனை நாளாகியும் போகாத மருதாணி, நாளைக்கு எனக்கும் வைத்துவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.