மெத்தைக்காரரும் மேனேஜரின் தாடையும்

வண்டி சீட்டும் சோபாவும் தைக்கிற மெத்தைக்காரருக்குக் கைராசிக்காரர் என்று பேர். ராசியெல்லாம் இல்லை, ஒரு பிடிப் பஞ்சுதான். மற்றவர்கள் உறை நிறைந்ததும் தைத்து மூடிவிடுவார்கள். இவர் மூடுவதற்கு முன்னால் இன்னும் ஒரு பிடியைத் திணிப்பார். "உக்கார உக்கார அமுங்கும். அமுங்குறதுக்கும் சேத்துப் போடணும்" என்பார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அப்பாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சின்னத் தாத்தாவும் அப்படித்தான். அந்தத் தாத்தா செய்த நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது என்று சொந்தத்துக்குள் இன்னமும் கேலி பேசுவார்கள்.

கடையில் அவருக்கு அடுத்த பதவி ஒரு பூனைக்கு. வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவர்களை மேலும் கீழும் அளப்பதால் மேனேஜர் என்று பேர் வந்தது. பெண் பூனை, பதினோரு வயது. வெல்டிங் பட்டறைச் செவலைப் பூனையின் மூன்றாவது ஈற்றில் பிறந்தது. கூடப்பிறந்த இரண்டில் ஒன்று மருந்துக்கடைக்கு வாழ்க்கைப்பட்டது, இன்னொன்று சரக்கு லாரியில் ஏறி ஊரைவிட்டே போனது. மெத்தைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அதைப்பற்றி யாரும் அவர்களிடம் பேச்செடுப்பதில்லை. மேனேஜர் சௌக்கியமா என்றுதான் விசாரிப்பார்கள்.

அந்த மேனேஜர் ஒரு நாள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துச் சாப்பிட ஆரம்பித்தது. புதிதாகத் தைத்த சீட்டில் எச்சில் கறை. இடது கீழ்த்தாடை வீங்கியிருந்தது. பக்கத்துக் கடையில் கார் ரிப்பேர் பார்க்கிற மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வந்து எட்டிப் பார்த்தான்.

"சொத்தைப் பல்லு மச்சான். குறடு தரட்டுமா?"

"உன் குறடை உன் காருக்கே வச்சுக்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, மெத்தைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா வீக்கத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"புற்றுநோய்ங்க. பூனை வாயில வர்றதுலயே பொல்லாத வகை. ஆனா கழுத்துக்கும் போகல, நெஞ்சுக்கும் போகல. இடது கீழ்த்தாடையை எடுத்துட்டா பொழைக்க வழி இருக்கு."

"தாடையை எடுத்துட்டா எதை வச்சுச் சாப்பிடும்?"

"கழுத்துல சின்னதா ஒரு குழாய் வைப்போம். கொஞ்ச நாளைக்கு அது வழியா நீங்க ஊட்டணும். அதுக்குள்ள அது தானா வாயால சாப்பிடப் பழகணும்." டாக்டரம்மா மேனேஜரின் காதைத் தடவினார். "பழகலைன்னா, காலம் பூரா குழாயோட வச்சிருக்கிறது அதுக்குச் செய்யற நல்லதில்ல. ஆறு வாரம் பாப்போம்."

அவர் சொல்லாமல் விட்டது, வலியில்லாமல் அனுப்பிவைக்கிற ஊசி என்பது மெத்தைக்காரருக்குப் புரிந்தது. வீட்டில் மனைவி கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, "அது திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஸ்டூல்ல யாரையும் உக்கார விடாதீங்க" என்றாள். அதுதான் சம்மதம்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமில்லை என்று சோதனையும் சொன்னது. முகம் மட்டும் கோணி, நாக்கு நுனி வெளியே தெரிந்தது. "யாரையோ பாத்து நக்கலா சிரிக்குது" என்றான் மச்சினன். குழாய் அசையாமலிருக்க மெத்தைக்காரர் பஞ்சு வைத்து ஒரு கழுத்துப்பட்டை தைத்தார். உள்பக்கம் ஒரு தையல்கூட உறுத்தாது. டாக்டரம்மா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி இன்னும் நாலு கிடைக்குமா?" என்று கேட்டார்.

வாயால் சாப்பிடுவதுதான் நடக்கவில்லை. குழாய் வழியாக வேளைக்கு நாற்பது மில்லி, ஐந்து வேளை. மனைவி கோழிக்கறியை வேகவைத்துக் கூழாக அரைப்பாள், அவர் ஊசிக்குழலில் எடுத்து மெல்ல ஏற்றுவார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனால் தட்டை முன்னால் வைத்தால் மேனேஜர் முகர்ந்துவிட்டு, வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். மூன்று வாரம் போனது. நான்கு போனது. மெத்தைக்காரருக்குத் தையல் கோண ஆரம்பித்தது.

ஐந்தாவது வாரம் டாக்டரம்மா அதை எடைபோட்டார். முள்ளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இதென்ன, ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததைவிட கூடியிருக்கு? எவ்வளவு குடுக்கறீங்க?"

"நீங்க சொன்ன நாப்பதுதாங்க." அவர் கீழே பார்த்தார். "அதுக்கு மேல ஒரு பத்து. அமுங்கிப் போயிடும்ல."

"எது அமுங்கும்?"

"வயிறு."

கூட வந்திருந்த மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "பூனையை சோபான்னு நெனச்சுட்டாரும்மா."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பசியே இல்லாம அது எதுக்குங்க வாயைத் தொறக்கணும்? நாளையிலேர்ந்து நாப்பதில்ல, இருபதுதான். ஒரு சொட்டு கூடக்கூடாது. தினம் எடையை எனக்குச் சொல்லுங்க."

பரம்பரைக் கையை அடக்குவது லேசில்லை. ஊசிக்குழலில் இருபதைத் தொட்டதும் விரல் தானாக மேலே போகும். மனைவி பக்கத்தில் நின்று, "போதுங்க" என்பாள். முதல் நாள் மேனேஜர் வழக்கம்போல முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரண்டாம் நாள் கத்தியது. மூன்றாம் நாள் மத்தியானம் கடையில் மச்சினன் தூக்குச்சட்டியைத் திறந்து, முள் எடுத்த மீன் துண்டைச் சட்டிக்குள்ளேயே ஓரமாக வைத்துவிட்டுக் கைகழுவப் போனான்.

திரும்பி வந்தபோது சட்டிக்குள் ஒரு தலை இருந்தது. நாக்கை வளைத்து, இருக்கிற பாதித் தாடையால் ஒதுக்கி, பாதியைச் சிந்தி, மீதியை விழுங்கிக்கொண்டிருந்தது மேனேஜர்.

"மச்சான், என் மீனு."

மெத்தைக்காரர் கத்தரிக்கோலும் கையுமாக நடுவில் வந்து நின்றார். "கை வச்ச, உன் கார் சீட்டு பூரா கிழிச்சுடுவேன்."

மச்சினன் வெறும் சோற்றைச் சாப்பிட்டான். பிறகு அவனே போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் வந்து, மீசையில் மீன் ஒட்டிய அந்தக் கோணல் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைத்தாள். முதலில் பூனை முகத்தை, அப்புறம் தன் முகத்தை.

இரண்டு வாரம் தானாகவே சாப்பிட்டதைப் பார்த்த பிறகு டாக்டரம்மா குழாயை எடுத்தார். அது ஆகி இரண்டு வருஷம். வீக்கம் திரும்பவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் கழுத்துக் குழாயோடு வீட்டுக்குப் போகிற பூனை ஒவ்வொன்றும் மெத்தைக்காரர் தைத்த பட்டையோடுதான் போகிறது. மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்து நக்கலாகச் சிரித்தபடி ஆட்களை அளக்கிறது. அந்த ஸ்டூல் மெத்தையில் மட்டும் இரண்டு பிடி அதிகம். மச்சினன் இப்போது இரண்டு துண்டு மீன் கொண்டுவருகிறான். அவனுக்கென்று கொண்டுவருகிற துண்டு பாதி நாள் அவனுக்குக் கிடைப்பதில்லை.