நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினேழு வருஷமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளுக்கு, ஆபீஸில் வைத்த பெயர் டாக்டரம்மா. மெஷின் கிடப்பது எங்கேயோ. இவள் இருப்பது நாலாவது மாடியில், ஜன்னலே திறக்காத ஒரு ஹாலில். ஆனாலும் போனில் வரும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவாள். "புது மெஷின் ரூம் முழுக்கக் குதிக்குதா? பின்னாடி வண்டியில ஆடாம இருக்கப் போட்ட நாலு போல்ட் இருக்கும் பாருங்க. மெஷினை வைக்க வந்த புண்ணியவான் கழட்டாமயே போயிருப்பான்." அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

வீட்டில் நிஜமான நோயாளி ஒருவர் இருந்தார். கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு நாலு வருஷம். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அதைத் தாங்கியது கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு ஒன்றுதான். வேலை போனால் கார்டும் போய்விடும். கார்டு போனால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் மேலிடத்துக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம். அனுபவசாலிகளின் தலைக்குள் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். அறிவுக் களஞ்சியம் என்று பெயர் வேறு! ஆனால் அதில் எழுத டீம் லீடருக்கு மட்டும்தான் பாஸ்வேர்டு கொடுத்தார்கள்.

"அக்கா, என் பாஸ்வேர்டுலயே எழுதிடுங்களேன். பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்றான் டீம் லீடர்.

"மெஷின் ஓடினா சரி தம்பி. யார் பேருல இருந்தா என்ன?" என்றாள் இந்த வெள்ளந்தி.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். தண்ணீர் இறங்காததற்கு ஒன்று, கதவு மாட்டிக்கொண்டதற்கு ஒன்று என்று அத்தனை வருஷ அனுபவத்தையும் கொட்டித் தீர்த்தாள். பெயர் மாற்றும் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இத்தனை பக்கம் எழுதியவன் என்று அவனை மேனேஜர் ஆக்கினார்கள். இவள் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு யார் போன் எடுத்தாலும் அவள் எழுதிய பக்கத்தைத் திறந்து படித்து நாலே நிமிஷத்தில் வைத்துவிடலாம். பக்கத்துக்குள் அடங்காத தலைவலிகள் மட்டும் அவள் தலையில் வந்து விழுந்தன. "மத்தியானம் மட்டும் மெஷின் நிக்குதுங்க" என்பார் ஒருவர். மேல் வீட்டில் மத்தியானம் மோட்டார் போடுகிறார்கள், அதனால் கரண்ட் இறங்குகிறது என்று கண்டுபிடிக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆகும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மார்க் போட ஆரம்பித்தார்கள். ஒரு போனுக்கு ஆறு நிமிஷம். தாண்டினால் மார்க் குறையும். நோயைக் கண்டுபிடித்ததற்கு மார்க் கிடையாது, சீக்கிரம் போனை வைத்ததற்குத்தான் மார்க். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது! அவள் எழுதியதைப் படித்துக் காட்டியவர்களுக்குத் தொண்ணூற்றொன்று, எழுதியவளுக்கு முப்பத்தெட்டு. மூன்று மாதம் தொடர்ந்து ஐம்பதுக்குக் கீழே வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாம் மாதம் நாற்பத்தொன்று. மூன்றாம் மாதம் வாழ்க்கையில் முதல்முறையாக ஏமாற்றினாள். ஐந்தாவது நிமிஷம் "லைன் சரியில்லைங்க" என்று சொல்லித் துண்டித்தாள். அப்படித் துண்டித்த ஒரு பெரியவர் அன்றே மூன்று முறை கூப்பிட்டார். "ஏம்மா, என் பேச்சு கேக்குதா?" என்று மூன்றாவது தடவை அவர் கேட்டபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. முப்பத்தைந்து நிமிஷம் பேசினாள். அந்த மாதம் நாற்பத்தேழு.

மார்க் விதி பற்றி வந்த சுற்றறிக்கையை நாலு தடவை புரட்டியதில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி அகப்பட்டது. களஞ்சியத்தில் இருநூறு பக்கத்துக்கு மேல் எழுதியவர்களுக்கு இந்த மார்க் விதி கிடையாது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

அவன் கம்ப்யூட்டரில் தேடினான். அவள் பெயரில் பூஜ்யம்.

"தம்பி, உனக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரியும்க்கா. சிஸ்டத்துக்குத் தெரியாதே."

"நீ எழுதிக் கொடேன். நான்தான் எழுதினேன்னு."

"கொடுத்தா முதல்ல என் வேலை போயிடும்க்கா. ரெண்டு குழந்தைங்க இருக்கு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன பிரயோஜனம்?

மறுநாள் ஆஸ்பத்திரியில், இந்த மாதக் கடைசியோடு கார்டு செல்லாது என்று கவுண்டர் பெண் சொன்னாள். கணவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்ததும், "ஏம்மா, வாரத்துக்கு மூணு தடவை எதுக்கு? எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு. ரெண்டு தடவை போதாதா?" என்றார்.

போதாது என்று டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும்.

"போதுங்க" என்றாள் அவள்.