நேர்ஸ் என்னை வெளியே இருக்கச் சொன்ன நாள்

பிள்ளைகளே, நீங்கள் மூவரும் வளர்ந்துவிட்டீர்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குட்டி பள்ளிக்கூடம் தொடங்கிய வருடம் அம்மாவுக்கு மறுபடியும் கரு தங்கியது. வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்தோம். பேசியது நான், தலையாட்டியது அம்மா.

லண்டனுக்கு வந்த நாள் முதல் டொக்டரிடமும் கவுன்சிலிலும் அம்மாவுக்காக ஆங்கிலம் பேசியவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கருக்கலைப்பு கிளினிக்கின் நேர்ஸ் அழைத்தபோதும் போனை நானே எடுத்துப் பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் மரியாதையாக நிறுத்தினார். அம்மாவோடு தனியாகப் பேச வேண்டுமாம், தேவையென்றால் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாராம், நான் வெளியே இருக்க வேண்டுமாம்.

லண்டனின் சட்டன் பகுதியில் இருந்த எங்கள் பிளாட்டுக்கு வெளியே என்றால் படிக்கட்டுதான். முக்கால் மணி நேரம் அங்கே இருந்தேன். கதவுக்குப் பின்னால் அம்மா மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அழுதார். பிறகு சிரித்தார். அழுகையைப் பொறுத்துக்கொண்டேன், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. முகம் தெரியாத ஒரு பெண்மேல் எனக்கு அப்படிப் பொறாமை வந்தது.

மாத்திரைகள் தபாலில் வந்தன. முதலாவதை விழுங்கினார். மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, மற்றவற்றைக் கன்னத்துக்குள் வைத்துக் கரையவிட்டார். வலி வந்ததும் மல்லித்தண்ணி போட்டுக் கொண்டுபோனேன். அம்மா கிளினிக்குக்குப் போன் அடித்து, குடிக்கலாமா என்று அந்த நேர்ஸிடமே கேட்டார். குடிக்கலாமாம். என் மல்லித்தண்ணிக்கும் அவருடைய அனுமதி!

"எனக்குச் சொல்லாததை அவவுக்கு என்னத்தைச் சொன்னனீர்?" என்று கேட்டே விட்டேன்.

"அவ கேட்டவ, சொன்னனான்."

"என்ன கேட்டவ?"

"இது உங்கட விருப்பமோ, இல்லாட்டி வேற ஆரும் சொல்லிச் செய்யிறியளோ எண்டு."

"அதுக்கு என்ன சொன்னனீர்?"

"என்ரை விருப்பம்தான் எண்டு சொன்னனான்," என்றார் அம்மா. "ஆனா நீங்கள் ஒருக்கா கேட்டிருக்கலாம்."

அப்போதும் அதைக் கேட்கவில்லை. அன்று போனில் ஏன் சிரித்தீர் என்பதைத்தான் கேட்டேன்.

"உங்கட அவர் பக்கத்தில நிக்கிறாரோ எண்டு கேட்டா. இல்லை, படியில இருந்து இருமுறார் எண்டன்."

மூன்று கிழமை கழித்து, கரு கலைந்துவிட்டதா என்று பரிசோதித்துப் பார்த்தாயிற்றா எனக் கேட்க நேர்ஸ் அழைத்தார். அதற்கு முதல் நாளே, உடம்பு எப்படி, மனம் எப்படி என்று நான் அம்மாவிடம் கேட்டிருந்தேன். போனைக் கொடுத்துவிட்டு, ஒருவரும் சொல்லாமலே படிக்கட்டுக்குப் போனேன். பொறாமை அப்போதும் இருந்தது. ஆனால் இருமவில்லை.