கொட்டகையில் நின்ற ஜீப்

காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிகளுக்கு டிசைன் அட்டை துளையிடுவதுதான் பொன்னியம்மாளின் வேலை. கணவர் யேசுதாஸ் வாடகைக்கு ஜீப் ஓட்டினார். மழைக்காலத்தில் தாமல் ஏரிக்கரைச் சேற்றில் வேறு வண்டி இறங்காது. வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தது அந்த ஜீப்தான். பொன்னியம்மாளின் மகளே அதன் பின்சீட்டில் பிறந்தவள்.

1997இல் யேசுதாஸ் மாரடைப்பில் போய்விட்டார். ஜீப் ஏழு வருஷம் கொட்டகையில் நின்றது. கோழிகள் உள்ளே முட்டையிட்டன. மெக்கானிக் சபாபதி வரும்போதெல்லாம், "இத வெச்சிக்கினு இன்னாக்கா பண்ணப் போறே? இரும்புக்குப் போட்டுடு" என்பான்.

"அவரு கைபட்ட வண்டிபா. போட மாட்டேன்."

2004இல், கிராமங்களுக்கு நர்ஸுகளை அழைத்துப்போக சுகாதார நிலையத்தில் ஜீப் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பொன்னியம்மாள் முடிவு செய்தார்: வண்டியை ஓடவைப்பது, தானே ஓட்டுவது. இன்ஜினைச் சரிசெய்துவிடலாம் என்றான் சபாபதி. ஆனால் ஆர்.சி. புத்தகம் கூரை ஒழுகி நனைந்து கூழாகியிருந்தது. நம்பர் பிளேட் துருவேறி உதிர்ந்துவிட்டது. எண்ணில் கடைசி இரண்டு இலக்கம்தான் அவருக்கு நினைவிருந்தது.

வண்டிகளைப் பதிவுசெய்யும் அலுவலகத்தில் கிளார்க் லோகாம்பாள் கையை விரித்தார். "எந்த வண்டின்னே தெரியாம நான் எதைத் தேடறதுமா? வண்டிச் சட்டத்துல வெட்டியிருப்பாங்களே, அந்த சேஸ் நம்பரைப் பென்சில்ல தேச்சு எடுத்துக்கினு வா."

சபாபதி அரைநாள் தேடியும் சேஸ் நம்பர் கண்ணில் படவில்லை. மறுநாள் மண்ணெண்ணெய்த் துணியும் உப்புத்தாளுமாகப் பொன்னியம்மாளே வண்டிக்கடியில் புகுந்தார். பெயின்டும் துருவும் அடை அடையாக உதிர்ந்தன. முன்சக்கரத்துக்கு மேலே இரும்புச் சட்டத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் வெளுப்பாக எழுந்து வந்தன. ஒன்று மட்டும் மூன்றா எட்டா என்று புரியவில்லை. மெல்லிய டிசைன் தாளை வைத்து மறுபடி தேய்த்தார். எட்டு.

அதை வைத்துக்கொண்டு லோகாம்பாள் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். மத்தியானத்துக்கு மேல் நிமிர்ந்து பார்த்தார்.

"கெடச்சிடுச்சி. பொன்னியம்மாள்னு போட்டிருக்குது. யாரு அது?"

"நான்தாம்மா."

"அப்போ வண்டி உன் பேர்லதான் இருக்குது. எண்பத்திநாலுல வாங்கினப்பவே உன் வீட்டுக்காரரு உன் பேருக்குத்தான் மாத்தியிருக்காரு. வாரிசு சர்டிபிகேட்லாம் வாணாம், போ."

"நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாருமா. ரேஷன் கார்டுக்குன்னு நெனச்சிக்கினேன்" என்றார் பொன்னியம்மாள். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, தன் பெயரை இரண்டு தடவை படித்தார்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் பக்கத்து வீட்டு வேலி இரண்டு முறை சாய்ந்தது. ஐப்பசியில் சுகாதார நிலையத்தார் ஜீப்பை அமர்த்திக்கொண்டார்கள்.

முதல் நாளே நல்ல மழை. திருப்புட்குழியைத் தாண்டி ஒரு வாய்க்கால் குறுக்கே வந்தது. தடுப்பூசிப் பெட்டியை மடியில் அணைத்திருந்த நர்ஸம்மா, "திரும்பிடலாமாக்கா?" என்றாள்.

"கெட்டியாப் புடிச்சிக்கோமா" என்று பொன்னியம்மாள் நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் லீவரைத் தள்ளினார். ஜீப் உறுமிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, அக்கரை ஏறியது.