அத்தை தைத்த பட்டாம்பூச்சிகள்

என் மகளின் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டு வந்த மறுநாள், பரண்மேல் கிடந்த பழைய போர்வையைத் துவைத்தேன். தண்ணீரில் தையல் விட்டுப்போய் ஒரு துணிப் பட்டாம்பூச்சி கையோடு வந்துவிட்டது. அது மறைத்திருந்த இடத்தில் வட்டமாகக் கருகிய ஓட்டை. பக்கத்துப் பட்டாம்பூச்சியையும் பிரித்தேன். அங்கேயும் அதே அளவில் ஒன்று, பீடி நுனி அளவு. அதற்குமேல் பிரிக்கக் கை வரவில்லை. மகளுக்கு எடுத்த புடவைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.

போர்வையைத் தைத்தது அத்தை, அப்பாவின் தங்கை. தை மாதம் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவளைத் தலை ஆடிக்குத் திண்டிவனத்துக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. கல்யாணத்துக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த புடவைகளெல்லாம் ஓட்டை விழுந்து அவள் மூட்டையில் இருந்தன. அடுப்புத் தணல் தெறித்துவிட்டது என்றாள். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"ஒரு புடவைய ஆறு மாசம் காப்பாத்தத் தெரியல. நீயெல்லாம் குடும்பத்த எங்கருந்து காப்பாத்துவ?"

அத்தை ஊசியில் நூல் கோத்தாள். புடவைகளை அடுக்கிப் போர்வையாகத் தைத்து, மேலே தெரிந்த ஓட்டைகளின்மேல் ரவிக்கைத் துணியில் பட்டாம்பூச்சி வெட்டி வைத்துத் தைத்தாள். ஓட்டைகள் எல்லாமே புடவை முதுகைச் சுற்றிவரும் பாகத்தில்தான் இருந்தன. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யார் சமைப்பார்கள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆடி முடிகிற சமயம், வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, நான் இங்கயே இருந்துக்கறேன். மல்லாட்டை ஒடச்சிக்கினு ஒரு மூலையில கெடக்கறேன்."

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. ஆடி கழிந்தும் பெண்ணை வைத்துக்கொண்டால் ஊர் என்ன பேசும் என்றார். பிறகு இரண்டு புதுப்புடவை வாங்கிவந்தார். தங்கையைக் கந்தலோடு அனுப்பினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

புறப்பட்ட காலையில் அத்தை போர்வையை எனக்குப் போர்த்திவிட்டாள். ஒரு மூலை மட்டும் வெறுமையாக இருந்தது.

"அத்த, இங்க மட்டும் பட்டாம்பூச்சியே இல்லியே?"

அவள் அந்த மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"அங்கதான போறேன் கண்ணு. அடுத்த தபா வர்றப்போ அதுக்கும் இருக்கும்."

அவளை பஸ் ஏற்றிவிட்டபோது எனக்கு அழுகையே வரவில்லை. சீக்கிரம் போனால் சீக்கிரம் வருவாள் என்றிருந்தது.

தீபாவளிக்கு அத்தை வரவில்லை. அப்புறம் எதற்குமே வரவில்லை. ஏன் என்று கேட்டபோது அம்மா என் வாயைப் பொத்தினாள். எனக்கு இருந்த கவலையெல்லாம், அந்த மூலைக்கு என்ன நிறத்தில் பட்டாம்பூச்சி வைத்திருந்தாள் என்பதுதான்.