கடல் மட்டும் நன்றாக விழுந்த படம்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் சூரிய உதயம் பார்க்கக் கடற்கரைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. காலை ஷிப்டுக்கு அரக்கப்பரக்க ஓடுகிறவர்களுக்குச் சூரியன் எங்கே முளைத்தால் என்ன? அதனால் மில்லில் தறி ஓட்டிய என் அப்பா ஒருநாள் இரவல் கேமராவோடு வந்து, விடியற்காலையில் கடலைப் படம் பிடிக்கப்போவதாகச் சொன்னபோது, மனுஷனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆகியிருந்தது அம்மாவுக்கு. வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தவர்கள், ஒன்றும் செய்யாமல் திரும்பத் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? தெருப் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே கல்யாணப் படமும் புயல் மழையில் ஊறிப்போய், அப்பாவின் மாலையும் அம்மாவின் ஒரு காதும் மட்டும் மிஞ்சியிருந்தன. செத்துப்போன தாத்தாவும் பெரியப்பாவும் சந்தனப் பொட்டோடு சுவரில் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அப்பா ஒரு நாள் சாதாரணமாகப் பேசுவதுபோல, ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"இப்ப இன்னாத்துக்குப் போட்டோ? செவுத்துல மாட்டவா?" என்றாள் அம்மா.

அப்பா குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அதன் பிறகுதான் இந்தக் கடல் யோசனை. ஸ்டுடியோவில் பின்னால் தொங்கவிடும் திரையில் புதிதாகக் கடல் வரையப்போகிறார்களாம். அதைப் பார்த்து வரைய ஒரு படம் வேண்டும் என்று ஸ்டுடியோ வைத்திருந்த பாய் அப்பாவிடம் கேமராவைக் கொடுத்தாராம். படம் பிடிப்பதே தொழிலாக வைத்திருக்கிற பாய், போயும் போயும் ஒரு தறிக்காரரிடம் ஏன் கேட்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், பாவம், கேமராவைப் பார்த்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொன்னார்.

"நீயும் வாயேன். காத்தாட ஒக்காந்துட்டு வருவ" என்றார்.

அம்மா சரி என்றாள். இருட்டோடு எழுந்து தலை வாரி, பெட்டியின் அடியில் கிடந்த பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினாள். மெலிந்த இடுப்பில் அது நிற்கவில்லை. கொசுவத்தை இரண்டு தரம் அவிழ்த்துச் செருகினாள்.

"கடலப் பாக்கறதுக்கு எதுக்கும்மா பட்டுப் பொடவ?" என்றேன்.

"கடலும் என்னப் பாக்குமில்ல" என்றாள்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்திக்குப்பத்துக்குப் போனோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். கரையில் கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள், பட்டுப் புடவையையும் கேமராவையும் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். வானம் சிவந்து, சூரியன் தண்ணீரிலிருந்து மேலே வந்தது. அப்பா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

"கடல் எவ்ளோ பெருசுன்னு தெரியணும்னா ஒரு ஆள் நிக்கணுமாம். நீ சும்மா அங்க போய் நில்லு."

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்பா ஒரே இடத்தில் நின்று, பிலிம் தீரும்வரை கிளிக் கிளிக்கென்று அமுக்கினார். எனக்கு அதெல்லாம் அலுப்பாக இருந்தது. ஈர மணலில் ஒரு நண்டு வளைக்குள் போவதும் வருவதுமாக ஆட்டம் காட்டியது. அதன் பின்னால் போய்விட்டேன்.

"பாப்பா, இங்க பாரு" என்று அம்மா கூப்பிட்டாள். "இரும்மா" என்றேன். மறுபடியும், "இங்க பாரேன், கண்ணு" என்றாள். நண்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தது.

படத்தைக் கழுவிக் கொடுத்த அன்று ஸ்டுடியோவுக்கு நானும் போயிருந்தேன். பாய் படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

"கடல் நல்லா வுழுந்துருக்கு. அவங்க மொகந்தான் வரல" என்றார்.

"ஒண்ணுலகூடவா பாய்?" என்றார் அப்பா.

பாய் படங்களை அடுக்கி உறையில் போட்டார். எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து வருகிறது. விடியலில் கடலை முதுகுக்கு வைத்து நிற்கிறவர் முகத்தில் இருட்டுதான் இருக்கும். அம்மாவைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தால் முகம் பளிச்சென்று விழுந்திருக்கும். ஆனால் படத்தில் கடல் இருந்திருக்காது. கடலைத்தான் எடுக்க வந்தேன் என்று சொன்ன பொய்யைக் காப்பாற்றப் போய், அப்பா முகத்தைத் தொலைத்துவிட்டார். ஸ்டுடியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடல்தான் நன்றாக வந்திருக்கிறதே, இதற்குப் போய் ஏன் அழுகிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் அம்மா படுத்த படுக்கையாகியிருந்தாள். இன்னொரு தரம் நிற்க வைக்க வழியில்லை. அப்பா ஒளித்துவைத்த படத்தை நான்தான் பெருமையாக எடுத்துப்போய்க் காட்டினேன். அலைகள் நுரையோடு தெளிவாக இருந்தன. நடுவில் கரியால் தீற்றியதுபோல் ஓர் உருவம். அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பரவால்ல. யாராச்சும் கேட்டா, இது எங்கம்மான்னு நீ சொல்லிடு" என்றாள்.

அந்தப் படம்தான் மாலையோடு சுவரில் தொங்கியது. பொட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பா தோராயமாக வைத்தார். வருகிறவர்கள் கேட்டார்கள். நானும் சொன்னேன். பிறகு, எப்படி இருப்பாங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள். வருஷம் ஆக ஆக எனக்குப் பதில் குறைந்துகொண்டே வந்தது.

இப்போது சுத்தமாக இல்லை. என் பெண் கேட்கிறாள். கண்ணை மூடினால் புடவையின் கரை வருகிறது, தோளை இறுக்கிய விரல்கள் வருகின்றன. முகம் வரவில்லை. அன்று படம் பிடிக்கத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அது யாருக்காக என்பதும் தெரிந்திருந்தது. இரண்டு தரம் கூப்பிட்டாள். அந்த நண்டின் முதுகில் இருந்த புள்ளிகளைக்கூட என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும்.